கிளம்ப 5 நாள், 11 பேர், தங்க இடம் இல்லை: எப்படித் தேடுவது?

மூட்டைமுடிச்சு:

வணக்கம். குடும்பமாக 11 பேர் வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிறோம். முதல் ஊரில் 4 இரவுக்கு எடுத்திருந்த வீட்டை உரிமையாளர் இன்று ரத்து செய்துவிட்டார். பணம் திரும்ப வந்துவிடும். ஆனால் கிளம்ப 5 நாள்தான் இருக்கிறது. அதே நாட்களில் அந்த ஊரில் ஒரு பெரிய கண்காட்சி வேறு. எந்தத் தளத்தில் 11 பேர் என்று போட்டாலும் "இடம் இல்லை" என்றே வருகிறது.

ஆட்கள் விவரம்: தாத்தா, பாட்டி (பாட்டிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது), இரண்டு தம்பதிகள், ஓர் அத்தை, 14, 9, 6 வயதில் மூன்று பிள்ளைகள், 1 வயதுக் குழந்தை. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பம்.

இதன் பிறகு இன்னும் இரண்டு நாடுகளுக்குப் போகிறோம், அங்கேயும் இதே நிலை வரலாம். அதனால் ஹோட்டல் பெயர் வேண்டாம். எப்படித் தேடுவது, யாரிடம் என்ன கேட்பது, எங்கே சறுக்கும் என்பதைச் சொன்னால் போதும்.

---

முன்மேசை:

முதலில் தேடல் பெட்டியிலிருந்து 11 என்ற எண்ணை எடுத்துவிடுங்கள். 11 பேர் தங்கும் வீடு எந்த ஊரிலும் கொஞ்சம்தான் இருக்கும், அதெல்லாம் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். இரண்டு பேர் அறைதான் எங்கும் அதிகம், கடைசி நேரத்தில் காலியாவதும் அதுதான். உங்கள் ஆட்களை அறைவாரியாகப் பிரித்தால் இப்படி வரும்:

முதல் தம்பதியும் 9, 6 வயதுப் பிள்ளைகளும்: நால்வர் அறை ஒன்று.
இரண்டாம் தம்பதியும் கைக்குழந்தையும்: இரட்டைக் கட்டில் அறை, தொட்டிலோடு.
தாத்தா, பாட்டி: தனிக்கட்டில் இரண்டு போட்ட அறை.
அத்தையும் 14 வயதுப் பிள்ளையும்: அதே போல இன்னொன்று.

நான்கு அறைகள். இதில் இடிக்கப் போவது நால்வர் அறை மட்டும்தான். ஐரோப்பாவில் பல நகர ஹோட்டல்களில் ஓர் அறைக்கு 2 அல்லது 3 பேர்தான் உச்சம். அங்கே நால்வர் அறையைத் தேடி நேரம் கழிக்காமல் அதை இரண்டு இருவர் அறைகளாக உடைத்து, பெற்றோர் ஆளுக்கு ஒரு பிள்ளையோடு படுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். 152 செ.மீ. அகலக் குயின் கட்டில் இரண்டு போட்ட அறைதான் அங்கே சாதாரணம், அதில் 4 பேர் தங்கலாம். அத்தையும் 14 வயதுப் பிள்ளையும் தாத்தா பாட்டியோடு சேர்ந்துகொண்டால் உங்களுக்கு மூன்றே அறை போதும்.

அடுத்தது தேடும் முறை. தேதியைப் போட்டு, 2 பேர், 1 அறை என்று மட்டும் தேடுங்கள். வரும் ஒவ்வொரு ஹோட்டலிலும் எத்தனை வகை அறைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். ஒரு வகையில் 2, இன்னொரு வகையில் 3 என்று 5 அறைகள் காலியாக இருக்கும். ஆனால் 5 அறை என்று ஒரே வீச்சில் கேட்டால் சில தளங்கள் ஒரே வகையில் ஐந்தைத் தேடிவிட்டு அந்த ஹோட்டலையே மறைத்துவிடும். குழந்தைகளின் வயதைப் போட்டாலும் இதே கதைதான். குழந்தைக் கட்டணத்தைக் கணினியில் ஏற்றாத ஹோட்டல்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். ஆகவே தேடும்போது எண்ணைக் குறையுங்கள், ஆனால் பதிவு செய்யும்போது கைக்குழந்தை உட்படத் தலைகளைச் சரியாகச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் அறையில் எத்தனை பேர் என்பதைப் பல நாடுகளில் தீயணைப்பு விதி தீர்மானிக்கிறது. ஹோட்டலின் முன்மேசையில் (வரவேற்பு மேசையில்) நிற்பவர் இரக்கப்பட்டாலும் அந்த எண்ணை அவரால் மாற்ற முடியாது. மறைத்துப் பதிவு செய்துவிட்டு இரவு 11 மணிக்குப் போய் நின்றால், கூடுதல் அறைக்கு அன்றைய உச்ச விலையைக் கட்ட வேண்டியிருக்கும்.

தேதியையும் உடைத்துப் பாருங்கள். 4 இரவில் ஒரே ஓர் இரவு நிறைந்திருந்தாலும் அந்த ஹோட்டல் தேடலில் வராது. 1+3, 2+2, 3+1 என்று மூன்று முறை தேடுங்கள். அந்த ஓர் இரவுக்கு மட்டும் வேறு வகை அறை இருந்தால், ஹோட்டலுக்குள்ளேயே அறை மாறிக்கொள்ளலாம். இதைத் தளம் சொல்லாது, தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும்.

தொலைபேசும் நேரமும் முக்கியம். அந்த ஊர் நேரப்படி காலை 10 முதல் 11:30 வரை கூப்பிடுங்கள். காலையில் கிளம்புகிறவர்கள் கிளம்பியிருப்பார்கள், எத்தனை அறை மிச்சம் என்று அப்போதுதான் முன்மேசைக்குத் துல்லியமாகத் தெரியும். விலையைத் தீர்மானிக்கும் ரிசர்வேஷன் ஆட்களும் வேலைக்கு வந்திருப்பார்கள். பிற்பகல் 3 முதல் 6 வரை செக்-இன் கூட்டம், யாரும் நின்று பேச மாட்டார்கள். இரவுப் பணியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் விலை குறைக்கவோ அறைகளைச் சேர்த்துத் தரவோ அதிகாரம் இருக்காது.

கேட்க வேண்டியதில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "கனெக்டிங்" என்றால் இரண்டு அறைக்கும் நடுவே உள்கதவு உண்டு. "அட்ஜாயினிங்" என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். தளத்தில் "சிறப்பு வேண்டுகோள்" பெட்டியில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே, உறுதி கிடையாது. ஹில்டன் குழுமம் 2021 முதல் கனெக்டிங் அறைகளைப் பதிவின்போதே உறுதி செய்யும் வசதியைத் தருகிறது. மற்ற இடங்களில் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு உள்கதவு தேவைப்படுவது சிறு பிள்ளைகளின் இரண்டு அறைகளுக்குத்தான். மற்றவர்கள் ஒரே மாடியில் இருந்தாலே போதும் என்று விட்டுக்கொடுத்தால், முன்மேசைக்காரருக்கும் அறைகளைப் பொருத்துவது சுலபம்.

கடைசியாக, கண்காட்சி நேரம் என்பதால் இன்று "இடம் இல்லை" என்பதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனங்கள் மொத்தமாகப் பிடித்து வைத்த அறைகளில் பெயர் தராத அறைகளை ஹோட்டல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதோடு, இலவச ரத்துக்கான கெடு முடியும் நேரத்தில் பலர் தங்கள் பதிவை ரத்து செய்வார்கள். பிடித்த ஹோட்டலின் ரத்து விதியைப் படியுங்கள். 48 மணி நேரம் முன்பு, மாலை 6 மணி என்று இருந்தால், அந்த மணிக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் பாருங்கள். அதுவரை கையில் ஏதாவது ஓர் இடம் இருக்க வேண்டும். சுமாரான இடமானாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து இன்றே பதிந்துவிட்டு, பிறகு நல்லதைத் தேடுங்கள். ரத்துக் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான் ஓடும். அந்த நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி அலாரம் வையுங்கள்.

---

சாவிக்கொத்து:

முன்மேசை சொன்னது ஹோட்டலுக்குச் சரி. வாடகை வீட்டை மொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் எந்த ஊரில் தேடுகிறோம் என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். 11 பேருக்கு வீடு கிடைக்காதது சில ஊர்களில் கூட்டத்தால் அல்ல, சட்டத்தால்.

ஆம்ஸ்டர்டாமில் குடியிருக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் 4 பேருக்கு மேல் கூடாது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் 2 பேர்தான். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது. ஹாங்காங்கில் 28 நாளுக்குக் குறைந்த தங்கலுக்கு விடுதி உரிமம் வேண்டும். இந்த ஊர்களில் "11 பேருக்கு முழு வீடு, நாளையே தரலாம்" என்று ஒன்று மின்னினால் அதைத் தொடாதீர்கள். புகார் போனால் நடு இரவில் வெளியே நிற்பது விருந்தினர்தான்.

வேறு ஊர்களில் உரிம எண்ணைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டுத் தங்கல் சட்டம் 2018 ஜூன் 15 முதல் அமலில் இருக்கிறது, அதன்படி பதிந்த வீட்டை ஆண்டுக்கு 180 இரவுதான் விடலாம். இத்தாலியில் 2025 தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றுலா வீட்டுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம், விளம்பரத்தில் அது இருக்க வேண்டும். பாரிஸ் வீடுகளுக்கு 13 இலக்கப் பதிவு எண் உண்டு. எண் இல்லாத விளம்பரத்தில் அந்த வீடு கடைசி நேரத்தில் ரத்தாகும் வாய்ப்பு மற்றதைவிட அதிகம். ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருக்கிறீர்கள், இரண்டாவது முறை தவிர்க்கலாம்.

கடைசி நேர வீட்டுத் தேடலில் "உடனடிப் பதிவு" வடிகட்டியை முதலில் போடுங்கள். ஏர்பிஎன்பியில் வேண்டுகோள் முறையில் அனுப்பினால் பதில் சொல்ல வீட்டுக்காரருக்கு 24 மணி நேரம் உண்டு. உங்களிடம் இருப்பது 5 நாள், அதில் ஒரு நாள் போய்விடும். அவசரத்தில் நாலைந்து பேருக்கு வேண்டுகோள் தட்டிவிடுவதும் ஆபத்து. இரண்டு பேர் ஏற்றுக்கொண்டால் இரண்டுக்கும் பணம் போகும், ரத்து விதி ஆளுக்கு ஒன்று. முதலில் கேள்வியாக மட்டும் செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகு பதியுங்கள்.

ஒரு பெரிய வீட்டுக்குப் பதில் ஒரே கட்டடத்தில் ஒரே உரிமையாளரின் இரண்டு ஃபிளாட்டுகளைத் தேடுங்கள். 6 பேர், 5 பேர் என்று பிரித்தால் கிடைக்கும் வீடுகள் சட்டென்று கூடும். ஒரு ஃபிளாட் பிடித்திருந்தால் உரிமையாளர் பக்கத்தைத் திறந்து, அவர் வேறு என்ன விடுகிறார் என்று பாருங்கள். அதே தெருப்பெயரில் இன்னொன்று இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே 4 இரவு இடைவெளி விழுந்து யாருக்கும் பயன்படாமல் கிடப்பதும் உண்டு. "குறைந்தது 5 இரவு" என்று விதி போட்டிருந்தாலும் அந்த இடைவெளிக்கு 4 இரவைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

"11 பேர் தங்கலாம்" என்று எழுதியிருப்பதை நம்பிப் பதியாதீர்கள். கட்டில்களை எண்ணுங்கள். 3 படுக்கையறை, இரண்டு சோஃபா பெட், ஒரு மாடத்தில் மெத்தை என்று கூட்டித்தான் அந்த 11 வந்திருக்கும். சோஃபா பெட் கூடத்தில்தான் இருக்கும், அங்கே படுப்பவர் எல்லோரும் தூங்கிய பிறகு தூங்கி எல்லோருக்கும் முன் எழ வேண்டும். குளியலறை எத்தனை என்று அடுத்துப் பாருங்கள். 11 பேருக்கு ஒரு குளியலறை என்றால் காலையில் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு இருந்தால் சமாளிக்கலாம், கழிப்பறை தனியாக இருந்தால் இன்னும் நல்லது.

பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "கண்காட்சி நேரம், நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்" என்பது கடைசி நேரக்காரர்களைக் குறிவைக்கும் வலை. பதிந்த பிறகு "அட்டை விவரத்தை மறுபடி உறுதி செய்யுங்கள்" என்று இணைப்போடு வரும் செய்தியும் அப்படித்தான். அது தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வந்திருந்தாலும் தட்டாதீர்கள், ஹோட்டலின் கணக்கே திருடப்பட்டிருக்கலாம். ஹோட்டலின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

---

வழித்துணை:

பாட்டியின் முழங்காலுக்காக மட்டும் சில குறிப்புகள். விளம்பரத்தில் "முதல் மாடி" என்றால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரைத்தளம். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஒரு மாடி மேலே. "லிஃப்ட் உண்டு" என்பதோடு நிற்காமல் வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்டே அரை மாடி ஏறிய பிறகுதான் தொடங்கும். லிஃப்டின் அளவையும் கேட்கலாம். 320 கிலோ லிஃப்ட் என்றால் 4 பேர், 630 கிலோ என்றால் 8 பேர். உங்கள் பெட்டிகளோடு சின்ன லிஃப்டில் ஏழெட்டு நடை போக வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. பழுதாகி நின்றால்தான் கஷ்டம். அதனால் தாத்தா பாட்டி அறை மட்டும் தரைத்தளத்தில் அல்லது முடிந்தவரை கீழ்மாடியில் கிடைக்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

குளியலறையில் தொட்டி வேண்டாம், நேராக நடந்து நுழையும் ஷவர் வேண்டும் என்று சொல்லுங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது முழங்கால் வலிக்காரருக்குப் படி ஏறுவதைவிடக் கடினம்.

கைக்குழந்தைத் தொட்டில் பல ஹோட்டல்களில் அறைக்கு ஒன்றுதான் கொள்ளும், மொத்தமே சிலதான் இருக்கும். பதியும்போதே சொல்லி வையுங்கள்.

---

மூட்டைமுடிச்சு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அறை பிரித்துத் தேடியதும் வழி தெரிந்தது. இப்போது கையில் இரண்டு வாய்ப்புகள்.

ஒன்று: நடு ஊரில் ஒரு ஹோட்டலில் 3 அறைகள், 200 மீட்டரில் இன்னொரு ஹோட்டலில் 1 அறை. இரண்டும் ரத்து செய்யலாம். இரண்டு: ஊருக்கு வெளியே ரயிலில் 35 நிமிடத் தூரத்தில் 12 பேர் வீடு. உரிம எண் இருக்கிறது, குளியலறை 3. ஆனால் பணம் திரும்பாது, துப்புரவுக் கட்டணம் தனி. வீட்டில் எல்லோரும் வீட்டுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். எது சரி?

இன்னொன்று: அடுத்த நாடுகளின் வருகைப் படிவத்தில் தங்கும் முகவரி கேட்கிறார்கள். இடம் முடிவாகவில்லை என்றால் என்ன எழுதுவது?

---

சாவிக்கொத்து:

வீட்டுக்குத்தான் என் ஓட்டும், மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால்.

விலையை இப்படிப் போட்டுப் பாருங்கள்: வாடகை, துப்புரவு, தளக் கட்டணம், சுற்றுலா வரி எல்லாவற்றையும் கூட்டி 4 இரவாலும் 11 பேராலும் வகுங்கள். அதே போல நான்கு அறைகளுக்கும் போட்டு, இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். துப்புரவுக் கட்டணம் ஒரே தடவைதான், 4 இரவுக்கு அது தாங்கும். 1 இரவுக்கு என்றால் வேண்டாம் என்பேன். ஐரோப்பிய ஊர்கள் பலவற்றில் சுற்றுலா வரி ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்காகி, போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்கப்படும். 11 பேருக்கு 4 இரவு என்றால் 44 தடவை. குழந்தைகளுக்கு விலக்கு உண்டா, எந்த வயது வரை என்று முன்பே கேளுங்கள்.

அடுத்தது ரயில். 35 நிமிடம் என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதானா, வாசலிலிருந்து வாசலா? வீட்டிலிருந்து நிலையம் எத்தனை மீட்டர், நிலையத்தில் லிஃப்ட் உண்டா, கடைசி ரயில் எத்தனை மணி, ஞாயிறன்று எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? கடைசி ரயிலைத் தவறவிட்டால் 11 பேருக்கு வாடகைக்கார் மூன்று வேண்டும். ஒரே வண்டியில் போகலாம் என்று வேன் எடுக்க நினைத்தாலும், ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தில் ஓட்டுநரோடு சேர்த்து 9 இருக்கைதான், 11 பேர் ஏற முடியாது.

மூன்றாவது விஷயம், சாவி. சாவியை நேரில் தருவாரா, எண்பூட்டுப் பெட்டியா? உங்கள் விமானம் தாமதமானால் யாரைக் கூப்பிடுவது? 24 மணி நேரமும் எடுக்கும் எண் ஒன்று இல்லாத வீட்டுக்கு, திரும்ப வராத பணத்தைக் கட்ட மாட்டேன்.

---

முன்மேசை:

நான் ஹோட்டல் பக்கம். காரணம், 12 பேர் வீட்டில் கொதிகலன் நின்றாலோ பூட்டு திறக்காவிட்டாலோ 11 பேருக்கும் ஒரே நேரத்தில் இடம் போய்விடும். ஹோட்டலில் ஓர் அறையில் கோளாறு என்றால் அந்த இரண்டு பேரை மட்டும் மாற்றினால் போதும். கைக்குழந்தையும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. பிற்பகலில் குழந்தை தூங்க அறைக்குத் திரும்ப வேண்டுமானால் 35 நிமிட ரயிலில் போக முடியாது. ஒரு பெரியவரும் குழந்தையும் அன்றைய மீதி நாளை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

200 மீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஓர் அறையை இப்போதைக்குப் பதிந்து வையுங்கள். யார் அங்கே போவது என்பதில் கவனம் வேண்டும். தாத்தா பாட்டியைத் தனியாக அனுப்பாதீர்கள். பல ஹோட்டல்களில் அறைக்கு ஒரு பெரியவர் கட்டாயம், அதனால் பிள்ளைகளை மட்டும் ஓர் அறையில் போடவும் முடியாது. அத்தையும் 14 வயதுப் பிள்ளையும் போவதுதான் பொருத்தம். அதே நேரம் பெரிய ஹோட்டலுக்கு நாளையும் மறுநாளும் காலை 10 மணிக்குக் கூப்பிட்டு, நான்காவது அறைக்குக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேருங்கள். ஏற்கெனவே 3 அறைகள் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை தர அவர்களுக்கே விருப்பம் இருக்கும். அறை கிடைத்த மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகு மற்றதை ரத்து செய்யுங்கள்.

மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதுங்கள். அவர்கள் தேடிப் படிக்க வேண்டியிருந்தால் பதில் வராது. தலைப்பில் பதிவு எண்ணும் தேதியும். உள்ளே: எங்களுக்கு 3 அறைகள் உள்ளன, நான்காவது வேண்டும். அறை 1: பெரியவர் 2, பிள்ளைகள் 9, 6 வயது. அறை 2: பெரியவர் 2, குழந்தை 1 வயது, தொட்டில் வேண்டும், அறை 1-உடன் உள்கதவு இருந்தால் நல்லது. அறை 3: முதியவர் 2, தனிக்கட்டில்கள், நடந்து நுழையும் ஷவர், லிஃப்டுக்கு அருகில். அறை 4: பெரியவர் 1, 14 வயதுப் பிள்ளை 1. வந்து சேரும் நேரம் இத்தனை மணி, விமான எண் இது. இவ்வளவுதான். பதிலில் "முயல்கிறோம்" என்று வந்தால் உறுதி இல்லை, "உறுதி செய்யப்பட்டது" என்று வந்தால் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் அறையையும் அதில் தங்கும் ஒரு பெரியவர் பெயரில் பதியுங்கள். நான்கும் ஒருவர் பெயரில் இருந்து அவர் பெட்டிக்காகக் காத்து நின்றால், மற்ற பத்துப் பேரும் வரவேற்பறையில் நிற்க வேண்டும். பதிவுக்குக் கொடுத்த அட்டையைக் கையில் கொண்டு போங்கள், பல ஹோட்டல்கள் நேரில் பார்க்கக் கேட்கும். அறைக்கு இவ்வளவு என்று முன்பணத்தையும் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டையாக இருந்தால் அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்தே முடங்கி, திரும்ப வரப் பல நாள் ஆகும். 4 அறைக்கு 4 மடங்கு. கிரெடிட் அட்டை கொடுங்கள், வரம்பை முன்பே பாருங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு சேர்வதாக இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: 10-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்குப் போய்ச் சேர்பவர் 9-ஆம் தேதி இரவுக்குத்தான் பதிய வேண்டும். 10 என்று போட்டால் பிற்பகல் 3 மணி வரை அறை கிடையாது. நேரத்தைச் சொல்லாமல் விட்டால், வராதவர் என்று குறித்து முதல் இரவை மட்டுமல்ல, முழுப் பதிவையும் நீக்கிவிடும் ஹோட்டல்கள் உண்டு.

---

வெளிச்சுவடு:

படிவம் பற்றி. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல். மூன்றும் வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்புவது, அதனால் இப்போதே பதற வேண்டாம். இடம் முடிவாகவில்லை என்றால் முதல் இரவுக்கு மட்டும் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிந்து, உண்மையில் தங்கப்போகும் அந்த முகவரியை எழுதுங்கள். படிவம் ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் உண்டு. ஷெங்கன் விசா பழைய வீட்டின் பதிவைக் காட்டி வாங்கியதாக இருந்தால், உரிமையாளர் ரத்து செய்த மின்னஞ்சலையும் புதிய பதிவையும் சேர்த்து அச்செடுத்து வையுங்கள். எல்லையில் தங்குமிடச் சான்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

பாஸ்போர்ட் 11-உம் செக்-இன் நேரத்தில் ஒரே கையில் இருக்கட்டும். ஜப்பானில் அந்த நாட்டில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் எல்லோரும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், நகல் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு விருந்தினர் விவரமும் பதிவாகும், 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு உடன் வந்தவர் என்ன உறவு என்பதையும் கேட்பார்கள்.

ஹோட்டலும் வீடும் இரண்டும் கைவிட்டால் யாரும் தேடாத இடங்கள் சில உண்டு. இளைஞர் விடுதி என்ற பெயரைப் பார்த்து ஒதுங்காதீர்கள். ஹாஸ்டலிங் இன்டர்நேஷனல் கூட்டமைப்பில் சேர்ந்த விடுதிகள் பலவற்றில் 4 முதல் 6 கட்டில் வரை உள்ள குடும்ப அறைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் அங்கே தங்க உறுப்பினர் அட்டை வேண்டும், குடும்பத்துக்குச் சேர்த்து எடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பொது அறையில் பல விடுதிகள் சேர்க்காது, அதனால் அறையை முழுதாகக் கேளுங்கள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு 6 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

பிரிட்டனில் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளை வெளியாருக்கு விடுவார்கள். ஒரு பொதுச் சமையலறையைச் சுற்றி ஐந்தாறு தனியறைகள் என்று ஒரு தொகுப்பு இருக்கும், இரண்டு தொகுப்பு எடுத்தால் 11 பேரும் பக்கத்திலேயே இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒற்றைக் கட்டில். கைக்குழந்தையைச் சேர்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள், சில இடங்களில் மாட்டார்கள்.

ஜப்பானில் ரியோக்கான் எனும் மரபுவழி விடுதியின் பாய் விரித்த அறை பெரிய குடும்பத்துக்கு மிகப் பொருத்தம், ஓர் அறையில் 5, 6 பேர் மெத்தை விரித்துப் படுக்கலாம். விலை அறைக்கு இல்லை, தலைக்கு. பிள்ளைகளின் வயதைப் பொறுத்து அது மாறும். ஆனால் மெத்தை தரையில் என்பதால் பாட்டிக்கு ஒத்துவராது, கட்டில் போட்ட அறை ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஊருக்கு வெளியே போவதானால் வரைபடத்தில் வட்டம் போட்டுத் தேடாமல், ரயில் தடத்தைப் பிடித்து நிலையம் நிலையமாகத் தேடுங்கள். மையத்துக்கு நேராக வரும் தடத்தில் 30 நிமிடம் தள்ளி இருப்பது, இரண்டு வண்டி மாறி 15 நிமிடத்தில் வருவதைவிட உங்களுக்குச் சுலபம். ஒவ்வொரு மாற்றத்திலும் 11 பேரையும் பெட்டிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல்களையும் பாருங்கள், கண்காட்சி நாட்களிலும் வார இறுதியில் அங்கே அறைகள் காலியாகும்.

---

மூட்டைமுடிச்சு:

ஹோட்டல்தான் என்று முடிவாயிற்று. மூன்றும் ஒன்றுமாக நான்கு அறைகளையும் பதிந்தாயிற்று, ரத்துக் கெடு அந்த ஊர் நேரப்படி நாளை மறுநாள் மாலை 6. நான்காவது அறைக்கு முன்மேசை சொன்ன மாதிரியே மின்னஞ்சல் போயிருக்கிறது. ஒரு சந்தேகம்: பாட்டி அறையை லிஃப்டுக்கு அருகில் கேட்டால் இரவில் சத்தம் வராதா?

---

முன்மேசை:

லிஃப்டை ஒட்டிய சுவர் உள்ள அறையில் வரும். இரண்டு மூன்று கதவு தள்ளிக் கேளுங்கள், நடைதூரம் பத்து மீட்டருக்குள்தான் இருக்கும். பனிக்கட்டி இயந்திரமும் துப்புரவுப் பணியாளர் அறையும் லிஃப்டை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும், அவற்றுக்கு எதிர்ப்பக்கம் வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.